சர்க்கரை நோயும் வீட்டுச் சோறும்



ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் பார்த்துவிட்டு, "உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது" என்று டாக்டர் சொன்னால், அன்று சாயங்காலத்திற்குள் அது தெரு முழுவதும் தெரிந்துவிடும். ஆளுக்கொரு யோசனையும் கூடவே வரும். "சோத்தையே தொடாதீங்க, மூணு வேளையும் களிதான்" என்பார் ஒருவர். "டீக்கு மட்டும் சர்க்கரை போடாம குடிங்க, மத்தது எல்லாம் சாப்பிடலாம்" என்பார் இன்னொருவர். "கருப்பட்டி ஒண்ணும் செய்யாது" என்று ஒரு பாட்டி சொல்வார். "எங்க மாமாவுக்குப் பாகற்காய்ச் சாத்துலயே சரியாப் போச்சு, மாத்திரையே வேணாம்" என்று சொல்லவும் ஆள் உண்டு. எல்லோரும் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த நான்கு யோசனையில் ஒன்றைக்கூட அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாது. ஏன் முடியாது என்பதையும், நம் வீட்டு அடுப்பில் வேகிற சாப்பாட்டையே எப்படிச் சாப்பிட்டால் சர்க்கரை கட்டுக்குள் நிற்கும் என்பதையும் கணவனும் மனைவியும் சேர்ந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் ஒன்று. இது உங்களுக்கு மட்டும் வந்த நோய் அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. பணக்கார வியாதி, பட்டணத்து வியாதி என்று இதை ஒதுக்கிய காலம் போய்விட்டது.

வெறும் வயிற்றில் எடுத்த 100 மில்லி இரத்தத்தில் சர்க்கரை 100 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சரியான நிலை. 126-ம் அதற்கு மேலும் இருந்தால் சர்க்கரை நோய். இடையில் இருப்பவர்கள் எல்லையில் நிற்கிறார்கள். மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. என்ற பரிசோதனையில் 6.5-ம் அதற்கு மேலும் வந்தால் நோய் இருப்பதாகக் கொள்வார்கள். வைத்தியம் தொடங்கிய பிறகு, பெரும்பாலோருக்கு வெறும் வயிற்றில் 80 முதல் 130-க்குள்ளும், சாப்பிட்ட 2 மணி நேரம் கழித்து 180-க்குக் கீழும் இருக்க வேண்டும். வயதையும் மற்ற நோய்களையும் பொறுத்து டாக்டர் இதை மாற்றிச் சொல்வார். உங்களுக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை எங்கிருந்து வருகிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வளர்ந்த ஒருவர் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. சரியான நிலையில் அந்த இரத்தம் அத்தனையிலும் கரைந்திருக்கும் சர்க்கரை எவ்வளவு தெரியுமா? சுமார் 5 கிராம். அதாவது ஒரே ஒரு டீஸ்பூன்! இரண்டு டீஸ்பூன் ஆனால் 200 என்று காட்டும். இவ்வளவு நுட்பமாக அளந்து வைப்பது இன்சுலின் என்ற சுரப்பின் வேலை. வயிற்றில் இருக்கும் கணையம் அதைச் சுரக்கிறது. சர்க்கரை நோயில் இன்சுலின் போதாமல் போகிறது, அல்லது சுரந்தும் உடல் அதற்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை. அதனால் சாப்பாட்டிலிருந்து வருகிற சர்க்கரை இரத்தத்திலேயே தேங்கிவிடுகிறது.

இப்போது சாப்பாட்டுக் கணக்கு. ஒருவர் நாளைக்கு நாலு டீ குடிக்கிறார், டீக்கு இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 8 டீஸ்பூன், சுமார் 40 கிராம். மாதத்திற்கு 1 கிலோ 200 கிராம் ஆகிறது. இதை நிறுத்தத்தான் வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் அதே ஆள் வேளைக்கு 120 கிராம் அரிசி வீதம் மூன்று வேளையும் சோறாகவோ இட்லியாகவோ சாப்பிடுகிறார். 360 கிராம் அரிசி. அரிசியில் 100-க்கு 78 பங்கு மாவுச்சத்து. அதாவது 280 கிராம். அந்த மாவுச்சத்து வயிற்றுக்குள் போய் அரைபட்டுச் சர்க்கரையாகத்தான் மாறுகிறது. டீஸ்பூன் கணக்கில் சொன்னால் 56!

டீயில் 8 டீஸ்பூனை நிறுத்திவிட்டு, "நான்தான் சர்க்கரையையே விட்டுட்டேனே, அப்புறமும் ஏன் குறையலே?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். காரணம் தட்டில் இருக்கிறது. சோறு இனிக்காததால் நாம் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இதே கணக்குத்தான் வெல்லத்திற்கும் கருப்பட்டிக்கும். 100 கிராம் வெல்லத்தில் சுமார் 85 கிராம் சர்க்கரைச் சத்து இருக்கிறது. கொஞ்சம் இரும்புச் சத்து கூடுதலாக இருக்கலாம். ஆனால் இரத்தத்தில் ஏறுவதில் வெள்ளைச் சர்க்கரைக்கும் அதற்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. தேனும் அப்படியே.

களியும் கூழும் என்ன?

கேழ்வரகு நல்ல தானியம். சுண்ணாம்புச் சத்து அதிகம், நார்ச்சத்தும் அரிசியைவிட அதிகம். ஆனால் அதிலும் 100-க்கு சுமார் 67 பங்கு மாவுச்சத்து இருக்கிறது. கம்பில் சுமார் 62. அரிசிக்கு 78 என்று பார்த்தோம். குறைவுதான், ஆனால் "எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம்" என்று சொல்லும் அளவுக்குக் குறைவு இல்லை. இரண்டு உருண்டை களி சாப்பிட்டுவிட்டு, "நான் சோறே தொடலையே" என்று சொன்னால் இரத்தம் அதை ஒத்துக்கொள்ளாது. கோதுமையும் இப்படியே. ஆறு சப்பாத்தி சாப்பிடுவதற்கு அளவான சோறு எவ்வளவோ மேல்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மாவை நைசாக அரைத்து, தண்ணீராகக் கரைத்துக் குடிக்கும்போது அது சீக்கிரம் செரித்து, சர்க்கரை சட்டென்று ஏறுகிறது. மென்று தின்னும் பண்டம் மெதுவாக ஏறும். ஆகவே கூழ் குடிப்பவர்கள் ஒரு சொம்பு குடிப்பதை ஒரு டம்ளராகக் குறைத்து, கூடவே சுண்டலோ முளைகட்டிய பயறோ, கொஞ்சம் வேர்க்கடலையோ சேர்த்துக்கொள்ள வேண்டும். வெங்காயம், மிளகாய் மட்டும் கடித்துக்கொண்டு கூழ் குடிப்பது போதாது.

"பழைய சோறு ஆகுமா?" என்று கேட்பார்கள். ஆகும், அளவோடு. ஆறிய சோறு சூடான சோற்றைவிடக் கொஞ்சம் மெதுவாகச் செரிக்கும். ஆனால் அதுவும் சோறுதான். ஊறுகாயை மட்டும் தொட்டுக்கொண்டு சட்டி நிறையச் சாப்பிட்டால் பயனில்லை. அதேபோல, வடித்த சோறு நல்லதா, குக்கர் சோறு நல்லதா என்ற சண்டையும் வேண்டாம். கஞ்சி வடித்தால் கொஞ்சம் மாவு போகும், பெரும் பகுதி சோற்றிலேயே இருக்கும். எப்படி வேக வைத்தாலும் எவ்வளவு தட்டில் விழுகிறது என்பதே கேள்வி.

எவ்வளவு குறைப்பது?

"சோத்தைக் கொறைச்சா வெயில்ல நின்னு வேலை செய்யத் தெம்பு எங்கிருந்து வரும்?" என்று கணவர் கேட்பார். நியாயமான கேள்வி. காடு கழனியில் உழைப்பவருக்கும் நூறு நாள் வேலைக்குப் போகிறவருக்கும் பட்டினி கிடக்கச் சொல்லி யாரும் சொல்லக்கூடாது. சோற்றை எடுத்த இடத்தைக் காலியாக விடாமல் வேறொன்றால் நிரப்ப வேண்டும்.

வீட்டில் ஒரு கிண்ணத்தை இதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். சோற்றை அதில் அளந்து தட்டில் கொட்டுங்கள். இப்போது வழக்கமாக எத்தனை கிண்ணம் சாப்பிடுகிறார் என்று இரண்டு நாள் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று கிண்ணம் என்றால் இரண்டாக்குங்கள். ஒரேயடியாக ஒன்றாக்கினால் நாலாம் நாள் பசி தாங்காமல் பழையபடி ஆகிவிடும், பார்த்திருக்கிறோம். இரண்டில் பழகிய பிறகு, பரிசோதனை முடிவைப் பார்த்து மேலும் குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கடைசியில் தட்டு இப்படி இருந்தால் நல்லது: பாதித் தட்டில் கீரையும் காய்கறியும், கால் தட்டில் பருப்பு, பயறு, முட்டை அல்லது மீன், மீதிக் கால் தட்டில்தான் சோறு. உடல் உழைப்பு அதிகம் உள்ளவர்களுக்குச் சோறு கொஞ்சம் கூடலாம்.

பாதித் தட்டுக் காய்கறி என்றதும் செலவு நினைவுக்கு வரும். வேலியில் நிற்கிற முருங்கை, கொல்லையில் படர்கிற சுரையும் பீர்க்கும் அவரையும், வாழை வெட்டும்போது கிடைக்கிற தண்டும் பூவும், வரப்பில் முளைக்கிற கீரை, இவை போதும். கத்தரி, வெண்டை, கொத்தவரை, புடலை, முட்டைகோஸ் எல்லாம் சேரும். ஆனால் உருளைக்கிழங்கு, மரவள்ளி, சேனை, சர்க்கரைவள்ளி ஆகியவை காய்கறிக் கணக்கில் வரமாட்டா. அவற்றைச் சோற்றுக் கணக்கில் சேர்க்க வேண்டும். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல் என்றால், சோற்றுக்குச் சோறே துணை என்று பொருள்!

பருப்பை நீர்க்கக் கரைத்த சாம்பாராக வைக்காமல், கெட்டியாக வையுங்கள். ரேஷன் துவரம் பருப்பும், நம் மானாவாரிக் காட்டில் விளைகிற தட்டைப்பயறும் கொள்ளும் பச்சைப்பயறும் இந்த நோய்க்கு ஏற்ற சாப்பாடு. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதச்சத்து இருக்கிறது. மத்தி, சங்கரா போன்ற மீனைக் குழம்பில் போட்டுச் சாப்பிடுவது பொரித்துத் தின்பதைவிட நல்லது. சிறுநீரகக் கோளாறு இருப்பதாக டாக்டர் சொல்லியிருந்தால் மட்டும், பருப்பும் கறியும் எவ்வளவு என்று அவரிடம் கேட்ட பிறகே கூட்ட வேண்டும்.

சாப்பிடும் வரிசையையும் மாற்றிப் பாருங்கள். முதலில் பொரியலையும் கீரையையும் பருப்பையும் பாதியாவது சாப்பிட்டுவிட்டு, அதன் பிறகு சோற்றில் கை வைக்க வேண்டும். அப்படிச் சாப்பிட்டால் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறுவது குறைகிறது என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். நமக்கு இது கொஞ்சம் விநோதமாகத்தான் இருக்கும். காசு செலவில்லாத முறை என்பதால் செய்து பார்க்கலாம். சாப்பிட்டதும் படுக்காமல், தெருக்கோடி வரை போய்வருவதுபோல் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பதும் அதே பலன் தரும்.

காலைப் பலகாரத்தில் இட்லி மூன்று, கெட்டிச் சாம்பாரோடு. மாவுக்கு அரிசி நாலு பங்கு, உளுந்து ஒரு பங்கு போடுகிறவர்கள் மூன்றுக்கு ஒன்று என்று போடலாம். பருப்புகள் கலந்து அரைத்த அடை தோசையைவிட நல்லது. டீக்கடையில் டீக்குச் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கூடவே ஒரு பன் வாங்கித் தின்பவர்கள் இருக்கிறார்கள். பன், ரஸ்க், பிஸ்கட், பொரி எல்லாம் மாவுதான். பசித்தால் ஒரு கை சுண்டலோ வேகவைத்த கடலையோ சாப்பிடலாம். பழத்தில் கொய்யா, பப்பாளி, நாவல் ஆகியவை அளவாகச் சாப்பிடலாம். மாம்பழம், பலாச்சுளை என்றால் ஓரிரு துண்டு, அதுவும் சாப்பாட்டோடு சேர்த்து இல்லாமல் தனியாக. சாறாகப் பிழிந்து குடிக்க வேண்டாம். பாட்டிலில் வரும் கலர் பானங்களை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

பொங்கலுக்கும் கல்யாணத்திற்கும் என்ன செய்வது? நல்ல நாளில் யாரையும் மூலையில் உட்கார வைக்க வேண்டியதில்லை. சர்க்கரைப் பொங்கல் ஒரு சிறு கரண்டி வைத்துக்கொண்டு, அன்று அந்த வேளைக்குச் சோற்றில் ஒரு கிண்ணத்தைக் குறைத்துவிடுங்கள். மீந்ததை மூன்று நாள் சுட வைத்துச் சாப்பிடுவதுதான் கெடுதல்.

தனிச் சமையல் வேண்டாம்

"ஏங்க, உங்களுக்குன்னு தனியாச் சமைக்கணுமாமே" என்று மனைவி மலைத்துப்போவது உண்டு. வேண்டியதே இல்லை. மேலே சொன்ன சாப்பாடு வீட்டில் எல்லோருக்கும் ஏற்றது. வளரும் பிள்ளைகளும், பால் கொடுக்கும் தாயும் சோற்றைக் குறைக்காமல் பசிக்குச் சாப்பிடட்டும். காயும் பருப்பும் கூடுவது அவர்களுக்கும் நல்லதே. தனிச் சமையல் என்று ஆரம்பித்தால் இரண்டு மாதத்தில் சலித்துவிடும். தவிர, நோயாளி தன்னை ஒதுக்கி வைத்துவிட்டதாக நினைத்து, வெளியே போய்த் தின்பார்.

சர்க்கரை நோய் மனைவிக்கு வந்திருந்தால் நிலைமை வேறு. இதைக் கணவன்மார்கள் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். பல வீடுகளில் கணவரும் பிள்ளைகளும் சாப்பிட்ட பிறகே அவள் உட்காருகிறாள். அதற்குள் பொரியல் தீர்ந்திருக்கும். பருப்பு அடியில் ஒரு கரண்டி இருக்கும். மீந்து கிடப்பது சோறு. "வீணாப் போகுதே" என்று அதையெல்லாம் குழம்புச் சாற்றில் பிசைந்து சாப்பிட்டுவிடுகிறாள். பிள்ளை தட்டில் வைத்த மிச்சமும் அவள் வயிற்றுக்குத்தான். அவளுக்கு டாக்டர் எத்தனை மாத்திரை எழுதினாலும், இந்தப் பழக்கம் இருக்கும்வரை சர்க்கரை இறங்காது. அது அவள் வாயைக் கட்டாத குற்றமும் அல்ல.

சமைத்து இறக்கியதும் அவளுடைய பங்குக் காயையும் பருப்பையும் முட்டையையும் முதலில் தனியாக எடுத்து வையுங்கள். முடிந்தால் இருவரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். காலையில் வேலை நெருக்கடியில் வெறும் டீயோடு பதினொரு மணி வரை ஓட்டுவதும் கூடாது. "நீ உக்காரு, நான் பிள்ளைக்குப் போட்டுக் குடுக்கறேன்" என்று கணவர் ஒரு வேளை சொன்னால், அதுவும் இந்த வைத்தியத்தில் ஒரு பகுதி.

வைத்தியம் செய்து சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகே குழந்தைக்குத் திட்டமிட வேண்டும். கட்டுப்படாமல் கருவுற்றால் கருச்சிதைவுக்கும் குழந்தைக்குப் பிறவிக் குறைக்கும் வாய்ப்புக் கூடுகிறது. அதுவரை தற்காலிக கருத்தடை முறையைப் பற்றிக் கிராம சுகாதார செவிலியரிடம் இருவரும் கேட்டுக்கொள்ளுங்கள். முன்பு கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்து, பிரசவத்திற்குப் பின் இறங்கிவிட்டவர்களுக்கும் பிற்காலத்தில் வரும் வாய்ப்பு அதிகம். பிரசவம் ஆன ஆறாம் வாரத்தில் ஒரு முறையும், பிறகு தவறாமல் அவ்வப்போதும் பரிசோதிக்க வேண்டும்.

ஒருவருக்கு நோய் இருந்தால், ஒரே சாப்பாட்டைச் சாப்பிடும் மற்றவரும் இரத்தம் பார்த்துக்கொள்வது நல்லது. சர்க்கரை நோயின் எல்லையில் இருந்தவர்களை மூன்று ஆண்டு கவனித்து, சென்னையில் ஒரு ஆய்வு நடத்தினார்கள். 2006-இல் அது வெளியாயிற்று. வழக்கம்போல் இருந்தவர்களில் 100-க்கு 55 பேருக்கு நோய் வந்தது. சாப்பாட்டையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது.

மாத்திரையை நிறுத்தலாமா?

பாகற்காயைப் பொரியலாகவும் வெந்தயத்தைக் குழம்பிலும் தாராளமாகச் சேருங்கள். உணவாக நல்லவை. மாத்திரைக்கு மாற்றாக நினைத்தால் ஆபத்து. சர்க்கரை கூடியிருப்பது உடம்புக்குத் தெரியாமலே பல ஆண்டு இருக்கலாம். அதற்குள் கண், சிறுநீரகம், கால் நரம்பு கெட்டுவிடும். சாப்பாடு திருந்தி, எடை குறைந்து, சர்க்கரையும் இறங்கினால் மாத்திரையைக் குறைப்பது உண்டு. அதை டாக்டர் செய்ய வேண்டும், நீங்களாகச் செய்யக்கூடாது.

சில மாத்திரைகளும் இன்சுலின் ஊசியும் போட்டுக்கொள்பவர்கள் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டாலோ, விரதம் இருந்தாலோ, வெறும் வயிற்றில் மது குடித்தாலோ சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடும். 70-க்குக் கீழே போனால் தாழ்வு. கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், படபடப்பு வரும், பேச்சுக் குழறும். குடித்திருக்கிறார் என்று மற்றவர்கள் தவறாக நினைப்பதும் உண்டு. அப்போது 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுக்க வேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். தெளிந்ததும் ஏதாவது சாப்பிட வையுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்குப் போன் செய்யுங்கள். வயலுக்குப் போகும்போது ஒரு சிறு பொட்டலம் சர்க்கரை மடியில் இருக்கட்டும். கூட வேலை செய்பவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது இருவரும் சேர்ந்து வாருங்கள். சமைப்பவர் ஒருவர், மருந்து சீட்டு வாங்குபவர் மற்றொருவர் என்றால் பாதிச் செய்தி வழியிலேயே போய்விடுகிறது. முந்தின இரண்டு நாள் என்னென்ன சாப்பிட்டீர்கள், எத்தனை கிண்ணம் சோறு, எத்தனை டீ என்று பிள்ளையின் பழைய நோட்டில் எழுதிக் கொண்டுவாருங்கள். எழுதத் தெரியாவிட்டால் கோடு போட்டுக்கொண்டு வந்தாலும் போதும். சோறு அளக்கிற அந்தக் கிண்ணத்தையே பையில் போட்டுக் கொண்டுவந்து செவிலியரிடம் காட்டினால் இன்னும் நல்லது. அவரும் ஒரே பார்வையில் அளவைச் சொல்லிவிடுவார்.